மேற்கோளுக்கு முகவரி வேண்டும்: ஒரு பவள விழா மலர் வேலை கற்றுத் தந்தவை

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் உள்ள ஒரு பாடசாலையின் பவள விழாவுக்கு மலரும் உரைகளும் ஆயத்தம் செய்யும் வேலை என் கைக்கு வந்தது. மலர் ஒன்று, அதிபரின் அறிக்கை, செயலாளர் அறிக்கை, வரவேற்புரை, நன்றியுரை, இவற்றோடு பிரமுகர்கள் அனுப்பும் ஆசிச்செய்திகள். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ விழா நடத்திய எவருக்கும் இது தெரியும்: இவை ஒவ்வொன்றும் ஒரு குறளோடோ ஒரு பாட்டடியோடோதான் தொடங்க வேண்டும், அல்லது முடிய வேண்டும். “மேற்கோள்தானே சேர், நெட்டில அடிச்சா வரும்” என்று குழுவில் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் பந்தல், சாப்பாடு, அழைப்பிதழ் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். தேடுவது, சரிபார்ப்பது, அச்சுக்குக் கொடுப்பது எல்லாம் தனி ஆளாகச் செய்ய வேண்டியதாயிற்று. முடிவில் மீள்அச்சுக்கு மட்டும் சங்கப் பணத்தில் 12,000 ரூபா போனது. போன நித்திரைக்கும் வீட்டில் கேட்ட பேச்சுக்கும் கணக்கில்லை. இப்படி இப்படி வரும் என்று முன்னமே ஒருவர் சொல்லியிருந்தால் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும். அதனால்தான் விபரமாக எழுதுகிறேன்.

முதலில் கிடைத்தது ஒரு பென் ட்ரைவ். முன்பு மலர் வேலை பார்த்தவர்கள் பல வருடமாகச் சேர்த்து வைத்த வேர்ட் கோப்புகள், தலைப்பு வாரியாக மேற்கோள்கள், அருமையான சேகரம். ஆனால் ‘கல்வி’ என்று தேடினால் ஒன்றுமில்லை என்கிறது. கண்ணுக்கு முன்னால் திரையில் கல்வி என்ற சொல் நிற்கிறது. காரணம் பாமினி. எங்கள் பக்கத்து அச்சகங்களும் அலுவலகங்களும் நீண்ட காலமாக அந்த எழுத்துருவில்தான் தட்டச்சுச் செய்து வந்தன, இன்றும் பல இடங்களில் அதுதான். பாமினிக் கோப்புக்குள் சேமிக்கப்பட்டிருப்பது தமிழ் எழுத்தல்ல, ஆங்கில விசைகளின் எழுத்து. அதன்மேல் தமிழ் உருவம் மட்டும் போர்த்தியிருக்கிறது. ஒரு வரியைத் தெரிவு செய்து எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றிப் பாருங்கள்: ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியல் வரும். யுனிகோடில், அதாவது தமிழ் எழுத்தையே சேமிக்கும் இன்றைய பொது முறையில், அடித்த சொல் அதற்குள் ஒருக்காலும் அகப்படாது. ஆகவே பழைய கோப்பு கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் சோதனை இந்த எழுத்துரு மாற்றம்தான். ஒரே கோப்பில் பாமினி, வட்ஸ்அப்பிலிருந்து ஒட்டிய யுனிகோட், ஆங்கிலப் பெயர்கள் மூன்றும் கலந்து கிடக்கும். முழுவதையும் அள்ளி, பாமினியை யுனிகோடாக்கும் மாற்றியில் போட்டால் ஆங்கிலப் பெயர்கள் அர்த்தமில்லாத தமிழ் எழுத்தாகிவிடும். வேர்டின் விரிவான தேடலில் தேடுசொல்லை வெறுமையாக விட்டு, எழுத்துரு என்ற இடத்தில் பாமினியை மட்டும் கொடுத்தால் பாமினிப் பகுதிகளை மாத்திரம் தனியே தெரிவு செய்யலாம். அவற்றை மட்டும் எடுத்து மாற்றுங்கள்.

மாற்றிய கோப்பைக் கண்டு நிம்மதி வரும். அந்த நிம்மதியை நம்ப வேண்டாம். பாமினியில் ஔகாரத்தின் வலப்பக்க உறுப்பும் ளகரமும் ஒரே விசை. அதனால் கொம்பு போட்ட எழுத்தை அடுத்து ள வந்தால் சில மாற்றிகள் இரண்டையும் ஔகாரமாக எடுத்துக்கொள்ளும். வெள்ளம் ‘வௌ்ளம்’ ஆகும், வெளியீடு ‘வௌியீடு’ ஆகும், தெளிவு ‘தௌிவு’ ஆகும். திரையில் பார்க்க ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே பிழை கண்ணுக்கும் தப்பும், சரியான எழுத்தில் தேடினால் தேடலுக்கும் தப்பும். “வெள்ளத் தனைய மலர்நீட்டம்” என்ற 595ஆம் குறளும் விபுலானந்த அடிகளின் “வெள்ளைநிற மல்லிகையோ” பாட்டும் அந்தச் சேகரத்தில் இருந்தும் தேடலில் வராமல் போனது இதனால்தான். காரைதீவில் பிறந்த அடிகளின் அந்தப் பாட்டு இல்லாமல் எங்கள் பக்கத்தில் மலர் வெளிவருவது அபூர்வம். அது இல்லையென்று கணினி சொன்னபோது சேகரமே அழிந்துவிட்டதோ என்று நெஞ்சு திக்கென்றது. இதைத் திருத்த வழி எளிது. ஔகாரக் குறியை அடுத்து இன்னொரு குறி வந்தால் அது நிச்சயம் பிழை. ‘ௌ்’ என்பதை ‘ெள்’ என்றும், ‘ௌி’ என்பதை ‘ெளி’ என்றும் கோப்பு முழுக்க மாற்றுங்கள். கௌரவம், மௌனம், பௌர்ணமி போன்ற சரியான சொற்களுக்கு இதனால் ஒரு கேடும் வராது, அவற்றில் ஔகாரத்துக்குப் பின் குறி இல்லை. அதன் பிறகு ‘வௌ’ என்று ஒரு முறை தேடுங்கள். வௌவால், வௌவுதல் தவிர வேறு எது வந்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

கண்ணுக்கே தெரியாத இன்னொன்று ஒகர ஓகாரங்கள். ‘கொ’ என்பதை ககரமும் ஒரே ஒகரக் குறியுமாகச் சேமிக்கலாம். ககரம், கொம்பு, கால் என்று மூன்று துண்டாகவும் சேமிக்கலாம். அச்சில் வித்தியாசம் இல்லை. எளிய உரைத் தேடலுக்கு அவை இரண்டும் வெவ்வேறு சொல். கொம்பையும் காலையும் அடுத்தடுத்துத் தனித்தனியாக அடித்துத் தேடி, ஒற்றைக் குறியான ‘ொ’ ஆக மாற்றுங்கள். ‘ோ’ வுக்கும் அப்படியே. இவ்வளவும் முடிந்தபின் எல்லா மேற்கோள்களையும் வேர்டிலிருந்து வெறும் உரைக் கோப்புகளாக, தலைப்புக்கு ஒன்றாக, யுடிஎப்-8 வடிவில் சேமியுங்கள். சேமிக்கும் பெட்டியில் ‘விண்டோஸ் (டிபோல்ட்)’ என்றோ, நோட்பேடில் ‘ஆன்சி’ என்றோ இருந்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக மாறிவிடும். கோப்பை மூடிவிட்டால் பிறகு மீட்க முடியாது. மூலக் கோப்பின் பிரதி ஒன்றைத் தொடாமல் வைத்துக்கொண்டு வேலை செய்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

தேடுவதற்கு நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற இலவச மென்பொருள் போதும். கன்ட்ரோல், ஷிப்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒரு கோப்புறைக்குள் இருக்கும் எல்லாக் கோப்புகளிலும் ஒரேயடியாகத் தேடலாம், வந்த வரிகளைக் கீழே பட்டியலாகவும் தரும். ஆனால் தமிழில் சொல்லை முழுதாக அடித்துத் தேடினால் பாதி தப்பும், புணர்ச்சி அப்படி. 411ஆம் குறளை ஒரு பதிப்பு “செல்வத்துட் செல்வஞ் செவிச்செல்வம் அச்செல்வம்” என்று போடும். இன்னொன்று “செல்வத்துள் செல்வம்” என்று பிரிக்கும். பழைய பதிப்பில் “செவிச்செல்வ மச்செல்வஞ்” என்று சேர்ந்திருக்கும். ‘செல்வத்துள்’ என்று தேடினால் ஒன்றுதான் அகப்படும். ‘செவிச்செல்வ’ என்று கடைசி மெய்யை விட்டுத் தேடினால் மூன்றும் வரும். இதுதான் விதி: அந்த அடியில் வேறெங்கும் அதிகம் வராத ஒரு சொல்லைப் பிடியுங்கள், அதன் கடைசிப் புள்ளியையோ குறியையோ விட்டுவிடுங்கள். ‘தமிழ்’ என்று தேடினால் தமிழின், தமிழர், தமிழால் எதுவும் வராது, ‘தமிழ’ என்று தேடினால் எல்லாம் வரும். மிகக் குறுக்கினாலும் தொல்லை உண்டு. ‘அற’ என்று தேடினால் அறம், அறன், அறத்தான் எல்லாம் வருவதோடு அறிவு, அறிந்து, அறுதி எல்லாமும் சேர்ந்து வந்து நிற்கும், ஏனென்றால் றி, று இரண்டுக்குள்ளும் றகரம் இருக்கிறது. அப்போது ‘அறத்’ என்றும் ‘அறம்’ என்றும் ‘அறன்’ என்றும் தனித்தனியாகத் தேடுவதே நல்லது. கூகுளில் இந்தக் குறுக்கு வழி எடுபடாது. அது சொல்லை முழுச் சொல்லாகவே பார்க்கும். அங்கே இரண்டு மூன்று வடிவங்களை மாற்றி மாற்றி, இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேட வேண்டும். இன்னொன்று: குறளின் இரண்டு அடியையும் உங்கள் கோப்பில் ஒரே வரியில் வையுங்கள். வரி உடைந்த இடத்தில் தேடல் நின்றுவிடும்.

சொல் தெரிந்தால் இப்படித் தேடலாம். பொருள் மட்டும் தெரிந்தால்? கமக்காரர் அமைப்பின் கூட்டத்துக்கு உரை எழுதும் ஒருவர் ‘விவசாயம்’ என்று பழைய இலக்கியத்தில் தேடினால் வெறுங்கைதான். அபிவிருத்தி, சுற்றாடல், வறுமை ஒழிப்பு என்று நமது அறிக்கைகளில் ஓடும் சொற்களும் அப்படியே. பழைய நூலில் அந்தப் பொருள் எந்தச் சொல்லில் வாழ்கிறது என்று முதலில் ஒரு சிறு பட்டியல் போட வேண்டும். விவசாயத்துக்கு உழவு, ஏர், மேழி, வரப்பு, கழனி. வறுமைக்கு நல்குரவு, இன்மை, இலம்பாடு. மழைக்கு வான், விசும்பு, பெயல். தலைமைக்கு இறை, வேந்து, கோல். குறளைப் பொறுத்தவரை அதிகாரத் தலைப்புகளின் பட்டியல் ஒன்றே பெரிய துணை: 104 உழவு, 105 நல்குரவு, 2 வான்சிறப்பு, 40 கல்வி, 42 கேள்வி, 65 சொல்வன்மை. 133 தலைப்புகளையும் ஒரு தாளில் அச்சிட்டு மேசையில் வைத்திருப்பது எந்தத் தேடுபொறியையும் விடக் கெதியாக வழிகாட்டும். இதை நான் மனதாரச் சொல்கிறேன், திரையையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் செய்து பாருங்கள்.

அடுத்தது இணையத்தின் வேலை. படத்தோடு வரும் பொன்மொழி அட்டைகளைத்தான் ஆசிச்செய்தி எழுதுபவர்கள் பெரும்பாலும் அனுப்புகிறார்கள். கீழே ஒரு பெயர் இருக்கும், நூலும் இருக்காது, எண்ணும் இருக்காது. “கற்கை நன்றே கற்கை நன்றே பிச்சை புகினும் கற்கை நன்றே” என்ற அடிகளுக்குக் கீழே ஔவையார் என்று எழுதி வந்தது. “எழுத்தறிவித்தவன் இறைவன் ஆகும்” என்பதற்கும் அவரே என்று இன்னொரு செய்தியில் இருந்தது. இரண்டும் அதிவீரராம பாண்டியரின் வெற்றிவேற்கை. ஆயிரம் பக்கங்களில் ஔவையார் என்று இருந்தால் ஆயிரமும் ஒன்றைப் பார்த்து ஒன்று எடுத்தவை என்று மட்டும்தான் அர்த்தம். மேற்கோள் என்றால் அதற்கு முகவரி வேண்டும்: யார், எந்த நூல், எத்தனையாவது பாடல், எந்தப் பதிப்பு. முகவரி இல்லாததை அச்சுக்கு விடவே கூடாது. மேடையில் சொல்ல ஆசை என்றால் “என்று ஒரு வழக்கு உண்டு” என்று சொல்லிப் போகலாம், அதில் பொய் இல்லை.

தொண்டு நிறுவனங்களுக்கு அறிக்கை எழுதுபவர்களுக்கு இதே கதை ஆங்கிலத்திலிருந்து வரும். வாவிக்கரை மீனவர்களுக்கான வாழ்வாதாரத் திட்டம் என்றால், மீனைக் கொடுப்பதைவிட மீன்பிடிக்கக் கற்றுக்கொடு என்ற வாசகம் ‘சீனப் பழமொழி’ என்ற பெயரில் முதல் பக்கத்தில் ஏறிவிடும். அதற்கு மிக நெருங்கிய வாக்கியம் 1885இல் வெளியான ஓர் ஆங்கில நாவலில், ஆன் இசபெல்லா தாக்கரே ரிச்சி எழுதியதில், இருக்கிறது. உலகில் நீ காண விரும்பும் மாற்றமாக நீயே இரு என்பதும் காந்தி பெயரில் போகிறது. அந்த வடிவத்தில் அவர் எழுத்தில் அது இல்லை. 1913இல் அவர் எழுதியது, நாம் நம்மை மாற்றினால் உலகின் போக்கும் மாறும் என்ற கருத்துள்ள நீண்ட வாக்கியம். இப்படிப்பட்டவற்றைப் பார்க்க விக்கிமேற்கோளின் ஆங்கிலப் பக்கம் உதவும். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஆதாரமுள்ளவை மேலே, ஐயத்துக்குரியவையும் தவறாகச் சுமத்தப்பட்டவையும் தனித் தலைப்பில் கீழே இருக்கும். முதலில் கீழே போய்ப் பாருங்கள். ஆங்கிலத்திலிருந்து நீங்களே தமிழாக்கியதை மேற்கோள் குறிக்குள் போட வேண்டாம், ‘என்ற கருத்தை’ என்று எழுதினால் நேர்மையாக இருக்கும்.

சாட்ஜிபிடி போன்ற செயலிகளிடம் கேட்டும் சிலர் செய்திகளை எழுதி அனுப்பினார்கள். இரண்டு அடி, எண், அதிகாரப் பெயர், உரை எல்லாம் அச்சடித்தாற்போல இருக்கும். ஆனால் அந்தச் செயலிகள் எப்போதும் நூலைத் திறந்து பார்த்துச் சொல்பவை அல்ல. குறள்போல ஒலிப்பதைக் கட்டித் தர அவற்றுக்கு முடியும். அதனால் உண்மைக் குறளுக்குப் பிழையான எண் வரும், பாதி உண்மை பாதி கற்பனை வரும், முழுக் கற்பனையும் வரும். நூல் கையில் இல்லாத நேரத்தில் சோதிக்க மூன்று வழிகள் உண்டு. எண்ணோடு 9ஐக் கூட்டிப் 10ஆல் வகுத்தால் வரும் முழு எண்தான் அதிகாரம். 595 என்றால் 604, வகுத்தால் 60, அது ஊக்கமுடைமை. அதைக் கல்வி அதிகாரம் என்று சொன்னால் ஏதோ பிழை. இரண்டாவது, முதல் அடியில் நான்கு சீரும் இரண்டாம் அடியில் மூன்று சீரும் இருக்க வேண்டும். மூன்றாவது, கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றில் முடிய வேண்டும். சாதாரண தரத்தில் தமிழ் படித்த எவருக்கும் இது நினைவில் இருக்கும். மூன்றிலும் தேறினாலும் மூலத்தில் ஒரு முறை பார்த்தே ஆக வேண்டும். குறள் எண்கள் பரிமேலழகர் உரையின் வரிசைப்படி வழங்குபவை என்பதையும் மனதில் வையுங்கள். மணக்குடவர் உரைப் பதிப்பில் அதிகாரத்துக்குள் வரிசை வேறாக இருக்கும், அதை வைத்து எண் பிழை என்று சண்டை பிடிக்க வேண்டாம். இந்தச் செயலிகளால் உண்மையான பயன் ஒன்று உண்டு: மேலே சொன்ன சொற்பட்டியல். ‘நீருக்குப் பழந்தமிழில் என்னென்ன சொற்கள்’ என்று கேட்டால் தேட வேண்டிய சொற்களைத் தரும். தேடலைப் பிறகு நாம் நடத்தலாம்.

மூலத்தைப் பார்ப்பது எங்கே? மதுரைத் திட்டம் 1998 முதல் பழைய நூல்களை மின்னுரையாகத் தருகிறது. கோப்பை இறக்கி உங்கள் கோப்புறையிலேயே வைத்தால் இணையம் இல்லாத நேரத்திலும் தேடலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தில் உரைகளும் சேர்ந்து கிடைக்கும். தமிழ் விக்கிமூலத்தில் பல நூல்களுக்கு எழுத்தும், அச்சுப் பக்கத்தின் படமும் அருகருகே இருப்பதால் ஐயத்தை உடனே தீர்க்கலாம். நம் நாட்டு எழுத்துக்கு ‘நூலகம்’ என்ற பெயருடைய எண்ணிம (டிஜிட்டல்) நூலகம். 2005இல் தொடங்கியது, நமது ஊர்ப் பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள், சஞ்சிகைகள் எல்லாம் அங்கே கிடக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பக்கத்தின் படம். பிடிஎப்பைத் திறந்து சொல்லைத் தேடினால் வராது, வராததால் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வேண்டிய பக்கத்தைப் படமாக எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, அதன்மேல் வலது சொடுக்கி கூகுள் டொக்ஸில் திறந்தால் படத்தின் கீழே எழுத்து வரும். கோப்பு 2 எம்பிக்குள் இருக்கட்டும், பக்கம் நேராக நிற்கட்டும். முழு நூலையும் போடுவதைவிட இரண்டொரு பக்கமாகப் போடுவது சுத்தமாக வரும். இணையம் மெதுவான இடமென்றால் டெசெரக்ட் என்ற இலவச மென்பொருளை அதன் தமிழ்த் தரவோடு கணினியிலேயே நிறுவலாம். அதற்கு 300 டிபிஐ அளவில் வருடிய படம் வேண்டும். எதில் எடுத்தாலும் காலும் ரகரமும் மாறிக் கிடக்கும், னகரமும் ளகரமும் மாறும், எகரம் ஏகாரமாகும், பழைய அச்சின் ணை, லை, றா வடிவங்கள் குழம்பும். ஆகவே எடுத்ததை மேற்கோளாக ஒட்டாமல், பக்கத்தைப் பார்த்து எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். அலுப்பான வேலைதான். வேறு வழி இல்லை.

எங்கள் மாவட்டங்களின் சபையில் எல்லா மதத்தவரும் இருப்பார்கள், வேத வசனங்களை அதிகக் கவனத்தோடு எடுக்க வேண்டும். விவிலியத்துக்கு அதிகாரமும் வசன எண்ணும் போதாது. பழைய மொழிபெயர்ப்பா திருவிவிலியமா என்று குறிப்பிடுங்கள், இரண்டின் நடையும் வேறு, சபையில் இருப்பவர் தாம் ஓதிப் பழகியதையே எதிர்பார்ப்பார். ஹதீஸ் என்றால் தொகுப்பின் பெயரும் எண்ணும் கட்டாயம். “சீனா சென்றேனும் கல்வியைத் தேடு” என்பது கல்வி விழாக்களில் அடிக்கடி வருகிறது, ஆனால் அதன் அறிவிப்பாளர் தொடரை ஹதீஸ் கலை அறிஞர்கள் ஏற்பதில்லை. கல்வி தேடுவது ஒவ்வொரு முஸ்லிமுக்கும் கடமை என்ற பொருளுடையது இப்னு மாஜா தொகுப்பில் 224ஆம் எண்ணில் இருக்கிறது. இணையத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்த பிறகு ஒரு மௌலவியிடம் காட்டுவது மரியாதை, பாதுகாப்பும்கூட. தேவாரம், திருமந்திரம் எடுக்கும்போது ஓதுவார் ஒருவரிடமோ சைவசமய ஆசிரியரிடமோ அதேபோலக் கேட்கலாம். “யான் பெற்ற இன்பம்” என்றும் “நான் பெற்ற இன்பம்” என்றும் பாடபேதம் இருப்பதை அவர்களே உடனே சொல்வார்கள்.

இவ்வளவு தேடலுக்கும் நடுவில், அதிபரின் அறிக்கைக்கு மிகப் பொருத்தமாக வந்து விழுந்த வரிகள் எந்த இணையத்திலும் இல்லை. பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் பழைய அதிபர்கள் கையால் எழுதிய குறிப்புகள் அவை: கிணறு வெட்டியது, கூரை பறந்தது, முதல் மாணவர் பல்கலைக்கழகம் போனது. அவற்றை வாசித்தபோது தொண்டை அடைத்தது. கையெழுத்தை மென்பொருள் நம்பகமாக வாசிக்காது. போனில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, படத்தின் பெயரிலேயே ஆண்டு, மாதம், பக்க எண் மூன்றையும் வைத்து, வேண்டிய வரிகளை மட்டும் தட்டச்சுச் செய்வதே வழி. திகதி முதலில் வரும்படி பெயர் வைத்தால் கோப்புறையில் கால வரிசைப்படி தானே அடுக்கிக்கொள்ளும். பழைய எழுத்துப்பிழையைத் திருத்தாமல் அப்படியே எடுக்க வேண்டும். மாணவர் அல்லது பெற்றோரின் ஒழுக்கம் பற்றிய குறிப்புகளில் பெயர் இருந்தால் அந்த வரி வேண்டாம்.

சரிபார்த்தவை எல்லாம் ஓர் எக்செல் தாளுக்குள் போக வேண்டும். நிரல்கள் இவை போதும்: மூலத்தில் உள்ளபடி பாடம், பிரித்து எழுதிய பாடம், ஆசிரியர், நூல், எண் அல்லது பக்கம், பதிப்பு, எங்கே சரிபார்த்தது, தலைப்பு, எந்த நிகழ்வில் பயன்பட்டது. பிரித்து எழுதிய பாடம்தான் தேடலுக்கும் மேடைக்கும் உதவும், மூலப் பாடம் அச்சுக்கு. கடைசி நிரலை அலட்சியம் செய்ய வேண்டாம். ஒரே மேடையில் வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை மூன்றிலும் “கற்க கசடற” வந்தால் சபை நெளியும். வடிகட்டியைப் போட்டால் யாருக்கு எது கொடுத்தோம் என்று உடனே தெரியும். தாளை சிஎஸ்வி என்ற வெறும் உரை வடிவில் சேமித்து இன்னொருவருக்கு அனுப்பினால் அவர் திறக்கும்போது தமிழ் உருக்குலைந்து வரலாம். சேமிக்கும்போதே யுடிஎப்-8 சிஎஸ்வி என்ற வகையைத் தெரிவு செய்யுங்கள். ஆய்வறிக்கை எழுதும் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு சொடெரோ என்ற மென்பொருள் இன்னும் பொருத்தம். நூல் விபரத்தோடு பிடிஎப்பையும் குறிப்பையும் சேர்த்து வைக்கும், அடிக்குறிப்பையும் தானே போடும். இலவசம், இணையச் சேமிப்பு மட்டும் 300 எம்பி வரை.

பணம் போன இடம் அச்சகம். யுனிகோடில் சரியாகக் கொடுத்த பக்கங்களை அங்கே பழைய மென்பொருளுக்காகத் திரும்பப் பாமினிக்கு மாற்றினார்கள். புரூப் சரியாகத்தான் வந்தது. அதன் பிறகு வேறு கணினியில் பக்கம் கட்டியபோது எழுத்து மாறிவிட்டது. பாமினியில் அரைப்புள்ளி விசைதான் மெய்யெழுத்தின் புள்ளி. உரையில் உண்மையாக இருந்த அரைப்புள்ளிகள் எல்லாம் புள்ளிகளாகி முந்திய எழுத்தின்மேல் ஏறிக்கொண்டன. குறளின் சீர் உடைந்து 5, 2 என்று வரி மடிந்தது. பிழை இருந்தது ஒரு பக்கத்தில், ஆனால் தாள் நான்கு பக்கமாக அச்சாகி மடிவதால் நான்கும் வீணாயின. “நீங்க புரூப் பாத்துத்தானே சேர் தந்தீங்க” என்றார்கள். விழாவுக்கு நாள் இல்லை, வாதாட நேரமில்லை, கட்டிவிட்டு வந்தோம். வயிறு எரிந்தது, அது சங்கத்துப் பிள்ளைகள் வீடு வீடாகச் சேர்த்த காசு. ஆகவே முன்கூட்டியே கேளுங்கள்: யுனிகோடை அப்படியே எடுப்பார்களா? இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைப் பாவிப்பவர்கள் என்றால் அதில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தெரிவு செய்ய வேண்டும், இல்லையேல் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். முடிந்தால் பக்கத்தை நீங்களே கட்டி பிடிஎப்பாகக் கொடுங்கள். அடோபி ரீடரில் கோப்பின் பண்புகளுக்குள் எழுத்துருப் பட்டியலைத் திறந்தால் ஒவ்வொரு எழுத்துருவும் உள்ளடக்கப்பட்டதா என்று காட்டும். கடைசிப் புரூப் வட்ஸ்அப் படமாக வேண்டாம், தாளில் வேண்டும், அச்சுக்குப் போகும் அதே கோப்பிலிருந்து எடுத்ததாக வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் ஒப்பமிட்டு, இதற்குப் பின் மாறினால் செலவு அச்சகத்துடையது என்று விலைக்கோரலிலேயே எழுதி வாங்குங்கள்.

மேடைக்குரிய தாள் வேறு. அச்சுப் பாடத்தை அப்படியே கையில் கொடுத்தால் “செல்வத்து ளெல்லாந் தலை” என்ற இடத்தில் வாசிப்பவர் தடுமாறுவார். பிரித்த பாடத்தை 18 புள்ளி அளவில், மூச்சு விடும் இடத்தில் வரியை உடைத்துப் போடுங்கள்: “செல்வத்துள் செல்வம் செவிச்செல்வம்” ஒரு வரி, “அச்செல்வம்” தனி வரி, “செல்வத்துள் எல்லாம் தலை” ஒரு வரி. குறள் எண் ஓரத்தில் சிறிதாக இருக்கட்டும். யாராவது கேட்டால் சொல்ல மட்டும். ஒரு மேற்கோள் இரண்டு பக்கத்தில் பிரியக் கூடாது, அதற்காகப் பக்கத்தின் அடியில் இடம் வீணானாலும் பரவாயில்லை. தாள்களைக் குத்திக் கட்டாமல், பக்க எண்ணை மேலே பெரிதாகப் போட்டு, ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டுக் கொடுங்கள். கடற்கரைப் பக்கத்துத் திறந்த மேடை என்றால் காற்றுக்குத் தாளை அமர்த்த ஒரு கிளிப் அட்டையும் சேர்த்து.